ஊர் கூடிப் பழக்கிய கை

என் வயதுக்காரர்களே, உங்களுக்கெல்லாம் கை எப்படி இருக்கிறது? ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகித் திறக்க முடிகிறதா, இல்லை என்னைப் போல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்களா? முழங்கால் வலியைப் பற்றி நாம் பேசாத கல்யாண வீடு கிடையாது. கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போன மழைக்காலத்தில் துவைத்த போர்வையைப் பிழியப் போனேன். விரல்கள் மடங்கினவே தவிர, பிடி விழவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் அண்டா இறக்கிய கை இது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் என் மகளைவிடச் சின்னவள். மஞ்சள் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். மேசைமேல் துண்டை விரித்து, விரலாலேயே சுருட்டச் சொன்னாள். நான் சும்மா இருக்கிறவளா? ஒரு நாளைக்குச் சொன்னதை ஒரு வேளையில் செய்தேன். டிவி பார்க்கும்போது அமுக்கினேன், பஸ்ஸில் அமுக்கினேன். அடுத்த முறை கட்டைவிரல் வீங்கிப்போய் அவள்முன் நின்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரும்மா உங்களத் தினம் பண்ணச் சொன்னது? ஒரு நாள் பண்ணா மறுநாள் கைக்கு லீவு. லீவு வுடும்போதுதாம்மா பலமே ஏறும்."

"இன்னாம்மா சொல்ற? வேலை செஞ்சாத்தானே பலம்?"

"வேலையில தேயும். ஓய்வுலதான் தேஞ்சது சேர்ந்து வளரும். வுடாம செஞ்சா தேஞ்சுக்கிட்டே போயிடும்."

அவளுக்கு அது தினம் பத்துப் பேரிடம் சொல்கிற விஷயம். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கான பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்றும் வந்தது, போயிற்று. என் கண் முன்னால் நின்றது என் அண்ணனுடைய கை. நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்ட ஒரு புளிக் காலம் அது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் வீடுகள், நிறையப் புளியமரம், அதைவிட நிறையக் கல். அண்ணன் பத்தாவது தேறியவன். எங்கள் ஊரில் அதுவரை அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஆள் ஒருவர்கூட இல்லை. கீழே எந்த ஆபீசுக்குப் போனாலும் வராந்தாவில் நின்றுவிட்டு வருகிற ஊர் அது. போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தபோது அவனுக்கு வயது வரம்பு முடியக் கொஞ்ச காலம்தான் பாக்கி. இதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா அந்தச் சேதியைக் கேட்ட அன்று கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, அண்ணனைச் சுற்றி வந்து பார்த்தார். சந்தையில் மாடு பார்ப்பாரே, அந்த மாதிரி.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். முந்தைய ஆளெடுப்புக்கு வேறு ஊர்ப் பையன்களை ஏற்றிக்கொண்டு போய், மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். அதனால் போலீஸ் வேலை சம்பந்தமாக எங்கள் ஊருக்கு அவர்தான் நிபுணர்.

"ஓட்டத்துல நம்ம மலைப் பசங்கள ஜெயிக்க ஆள் கெடையாது. தாண்டுறதும் பரவால்ல. கயித்துலதான் பொத்து பொத்துன்னு வுழுறானுங்க," என்றார் மாமா.

அப்பா சிரித்தார். "இன்னா மச்சான், மரம் ஏறுறவனுக்குக் கயிறு ஏறக் கஷ்டமா?"

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. அண்ணன் மரம் ஏறுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புளி உலுக்க அவனைத்தான் பக்கத்து ஊரிலிருந்தும் கூப்பிடுவார்கள். கீழே இருக்கிற எங்களுக்கு அவன் உள்ளங்கால் மட்டும் வெள்ளையாகத் தெரியும், பிறகு அதுவும் தெரியாது, பிறகு தலைமேல் புளியம்பழம் சடசடவென்று விழும். அப்படிப்பட்டவனுக்குக் கயிறு ஒரு பொருட்டா என்று நானும்தான் நினைத்தேன்.

மாமா லாரியில் சுமை கட்டுகிற கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். என் மணிக்கட்டுக் கனம் இருக்கும். டீசலும் வெங்காயச் சருகும் கலந்த ஒரு வாசனை அதற்கு. எங்கள் வீட்டுப் பின்புறப் புளியமரத்தின் பெரிய கிளையில் அதைக் கட்டி, மைதானத்தில் எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ அதற்குச் சற்று மேலே அம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்து அடையாளம் வைத்தார். ஊர் வேடிக்கை பார்க்கக் கூடியது. அண்ணன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தாவிப் பிடித்தான். கயிறு ஆடியது. கால் விரல்கள் மரப்பட்டையைத் தேடின. அங்கே பட்டை எங்கே இருக்கிறது? ஆள் உயரம் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சரசரவென்று இறங்கி, உள்ளங்கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டு நின்றான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மரம் உன்னத் தாங்கும்டா. கயிறு தாங்காது. நீதான் அதப் புடிச்சிக்கினு தொங்கணும். விரல்ல பலம் வோணும்," என்றார் மாமா.

"விரல்ல எப்டி மாமா பலம் ஏத்துறது?"

மாமாவுக்குத் தெரியாது. ஆனால் நிபுணர் அல்லவா, தெரியாது என்று சொல்ல முடியாது. பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்: "வேல குடுக்கணும். விரலுக்கு வேல குடுத்துக்கினே இருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். ஊர் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது.

முதலில் வந்தது அத்தை, அப்பாவின் அக்கா. அவள் வீட்டுக் கிணற்றில் இரும்பு உருளை ஒன்று உண்டு. தண்ணீர் இறைக்கும்போது அது போடுகிற கீச்சுச் சத்தத்தில்தான் எங்கள் தெருவுக்கே விடியும். அத்தை அந்த உருளையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டாள்.

"உருளைல இறைச்சா கைக்கு இன்னா வேல? வெறுங்கையால இஸ்து இறைக்கட்டும். எனக்காகவா சொல்றேன், அவனுக்காகத்தான்," என்றாள்.

பெரியப்பா தன் கொல்லையில் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியைக் காட்டினார். மண்வெட்டி, கடப்பாரை கூடாது, தூரைப் பிடித்துக் கையாலேயே பிடுங்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சித்தி குளிர் காலத்துக் கம்பளிகளை எல்லாம் ஊறவைத்து வெளியே எடுத்துப் போட்டாள். நனைந்த கம்பளியை முறுக்கிப் பிழிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு ஆளோடு மல்லுக்கட்டுவது போல. கடைக்காரர் தன் புளி மூட்டைகளை, தோளில் தூக்காமல், இரண்டு காது முனைகளையும் விரலால் பிடித்தே நகர்த்திக் கொடுக்கச் சொன்னார். கேழ்வரகு அரைக்கிற கல்லைச் சுற்றப் பெண்கள் அவனைக் கூப்பிட்டார்கள். ஆண் பிள்ளை எந்திரக்கல் சுற்றுவதா என்று வேறு சமயமாக இருந்தால் கேலி பேசியிருப்பார்கள். இப்போது அது போலீஸ் வேலை.

உள்நோக்கம் எதுவும் கிடையாது, நம்புங்கள். ஓசியில் வேலை வாங்க நினைத்தவர்கள் இல்லை அவர்கள். உண்ணிச்செடி அந்தக் கொல்லையில் பல வருடமாக இருந்தது, பெரியப்பா அதைப் பற்றிக் கவலையே பட்டதில்லை. அண்ணனுக்காகத்தான் அது பிடுங்கப்பட வேண்டிய செடியாயிற்று. கொடுப்பதற்கு அவர்களிடம் வேறு என்ன இருந்தது? வேலைதான் இருந்தது. அதைக் கொடுத்தார்கள்.

அண்ணனைப் பழக்குவதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பலாமரத்துத் தாழ்ந்த கிளையைப் பிடித்துத் தொங்கும்போது நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் தொங்க வேண்டும். அவன் காதுக்குப் பின்னால் வேர்வையும் புளித்தூசியும் சேர்ந்த வாடை வரும். அவன் மூச்சு விடுவது என் நெஞ்சில் தட்டும். "பாப்பா, கதை எதுனா சொல்லு," என்பான். நான் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பேச்சு பாதியில் இருக்கும்போது அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவும். இரண்டு பேரும் சருகுமேல் விழுந்து சிரிப்போம்.

சாயங்காலம் சாமைக் குண்டான். அறுப்புக்குப் பின் சாமையைக் கொட்டிவைக்கும் பெரிய மண்பானை அது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அந்தத் தானியத்துக்குள்ளேயே விரல்களை விரித்து, மூடி, விரிக்க வேண்டும். இதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. நானும் கூடவே கையை விட்டுக்கொள்வேன். உள்ளே ஆழத்தில் சில்லென்று இருக்கும். அதற்குள் அண்ணனுடைய கை என் கையைப் பிடித்து அமுக்கும், நான் கத்துவேன், அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடங்களைச் சொல்லச் சொன்னால் அந்தக் குண்டானைச் சொல்வேன்.

பலம் வந்தது. அதை மறைக்கக் கூடாது. மாசி கடைசியில் ஒருநாள் காலை அண்ணன் கயிற்றைப் பிடித்து, காலைச் சும்மா தொங்கவிட்டு, கை மாற்றிக் கை மாற்றி ஏறினான். சிவப்புத் துணியைத் தொட்டான். தொட்டதோடு விடாமல் அதை முத்தமிட்டான், கழுதை. கீழே அப்பாவின் கண் கலங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர், எங்கள் ஊர் வழக்கு தீர்ப்பவர், யாரையும் சுலபத்தில் பாராட்டாத மனிதர், "இவன் ஏறினா ஊரே ஏறின மாதிரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு நிறுத்தியிருந்தால் போதும். இப்போது தெரிகிறது. அன்று யாருக்குத் தெரியும்? இவ்வளவு வேலையில் இவ்வளவு பலம் வந்ததென்றால், இன்னும் வேலை கொடுத்தால் இன்னும் வரும் என்றுதான் நல்ல மனதுள்ள எவரும் கணக்குப் போடுவார்கள். விஷயம் கேள்விப்பட்டுக் கீழ்த்தெருவிலிருந்தும் ஆள் வந்தது. விறகு, வேலி, மூட்டை. அப்பா தினம் ராத்திரி படுக்கும் முன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கை ஆறக் கூடாதுடா. ஆறிச்சின்னா போச்சி." சூடான இரும்பைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்.

பங்குனி நடுவில் அண்ணனுடைய விரல்கள் தடிக்கத் தொடங்கின. கணுக்கள் மறைந்து, மோதிர விரலும் நடுவிரலும் ஒரே பருமனாகிவிட்டன. வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துப் பூரித்தார்கள்.

"பார்றா, எப்டி முறுக்கேறிக் கெடக்குது," என்றார் பெரியப்பா.

"போலீசுக் கை," என்றாள் அத்தை.

அண்ணனும் சிரித்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவனால் விரல்களை மடக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்தவள் நான். அடுப்புக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டிச் சூடு காட்டி, மெதுவாக மடக்கிப் பார்ப்பான். களி உருண்டையைக் கிள்ளி எடுக்க வராது. சொம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவான், குரங்கு மாதிரி. "வலிக்குதா?" என்று கேட்டால், "பலம் ஏறுதுல்ல, அப்டித்தான் இருக்கும்," என்பான். அப்பா சொன்னதை அவனும் நம்பினான்.

அம்மா பொதுவாகவே அதிகம் பேசாதவள். ராத்திரி விளக்கெண்ணெயைச் சுடவைத்து அவன் விரல்களில் தடவும்போது மட்டும், ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஆளெடுப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது அப்பா கீழே சந்தைக்குப் போனார். மத்தியானம் அம்மா கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்திப் பார்த்ததே இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அண்ணனுடைய இரண்டு கைகளையும் வெகுநேரம் வைத்திருந்தாள். பாய் விரித்தாள்.

"படு," என்றாள்.

"அம்மா, பெரியப்பா கொல்லைல கொஞ்சம் பாக்கி கீது..."

"படுடா."

என்னை வாசலில் உட்காரவைத்து, யார் வந்து கேட்டாலும் அண்ணன் ஆற்றுப் பக்கம் போயிருக்கிறான் என்று சொல்லச் சொன்னாள். நான் புளியங்கொட்டையைச் சுண்டி விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்தாள். சொன்னபடியே சொன்னேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த அண்ணனுடைய டயர் செருப்பைப் பார்த்தாள். மலையில் டயர் செருப்பில்லாமல் யார் ஆற்றுப் பக்கம் போவார்கள்? கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். உள்ளே அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்க, அம்மா அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்பா வந்ததும் வராததுமாகக் கத்தினார். "இத்தினி நாள் ஏத்துன சூட்ட ஒரே மத்தியானத்துல ஆத்திட்டியேடி!" அம்மா ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆறிப்போன சூட்டை மறுபடி ஏற்ற, இருந்த மிச்ச நாட்களில் இரட்டிப்பு வேலை நடந்தது.

ஆளெடுப்பு நாளன்று விடியற்காலையில் மாமா ஜீப் கொண்டுவந்தார். அப்பா, பெரியப்பா, ஊர்ப் பெரியவர், கடைக்காரர், இன்னும் யார் யாரோ ஏறினார்கள். பெண்களும் பிள்ளைகளும் தெருமுனை வரை கூடவே நடந்தோம். அத்தை அண்ணனுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜீப் வளைவில் மறைந்த பிறகும் ரொம்ப நேரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது அதே ஜீப் திரும்பி வந்தது. மாமா எப்போதும் கடைசி வளைவில் ஹாரன் அடிப்பார். அன்று அடிக்கவில்லை. அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டத்தில் அண்ணன் முதல் ஆளாக வந்தானாம். தாண்டியதிலும் குறை இல்லையாம். கயிற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய், அங்கேயே நின்றானாம். விரல்கள் கயிற்றைச் சுற்றி மூடவில்லை. வேலிக்கு வெளியிலிருந்து அப்பா, "புட்றா, புட்றா," என்று கத்த, கயிறு அவன் கையை அறுத்துக்கொண்டு நழுவிவிட்டது. மாமாதான் இதை அம்மாவிடம் சொன்னார். அப்பா நேராகப் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நின்றான். அம்மா அவனிடம் போனாள். இரண்டு பேரும் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா அவன் தலையைத் தொடுவது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை அத்தை வீட்டுக் கிணற்றில் உருளை திரும்பவும் கீச்சிட்டது. பாயில் படுத்தபடி அதைக் கேட்டேன். அண்ணனும் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு ஊர் இவ்வளவு பாடுபட்டு ஒரு காரியம் தவறினால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் தயாராகவே இருந்தது. அந்த மத்தியானத் தூக்கம். "எல்லாம் சரியாத்தான் இருந்திச்சி, தூங்கிக் கெடுத்தான்," என்றார்கள். அடுத்த ஆளெடுப்பு வருவதற்குள் அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது. பிற்பாடு மாமாவின் ஜீப்பை அவனே வாங்கி ஓட்டினான், கல்யாணம் செய்தான், பிள்ளைகளைப் படிக்கவைத்தான். நல்லபடியாகத்தான் இருந்தான். ஆனாலும் எந்த விசேஷத்திலும் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுப்பார்கள். பகையாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். "இன்ஸ்பெக்டரா ரிடையர் ஆகியிருப்பான், தூங்கிட்டான்," என்பார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அம்மாவிடமும் கேட்பார்கள். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்களுக்குக்கூட அந்தக் கதை சொல்லப்பட்டிருந்தது. "நீதான் தூங்க வெச்சியாமே, அத்த?" என்பார்கள். அம்மா கையில் இருக்கும் வேலையிலிருந்து தலை எடுக்காமல், "ஆமாம்மா, நான்தான் தூங்க வெச்சேன்," என்பாள். ஒவ்வொரு முறையும் அதே பதில். மறுத்து ஒரு வார்த்தை, ஒரு சமாதானம், எதுவும் கிடையாது. கடைசியாக அவள் படுக்கையில் விழுந்து, நான் பக்கத்தில் இருந்த நாட்களில், பார்க்க வந்த ஒரு கிழவி அதையே கேட்டுவைத்தாள். அப்போதும் அம்மா அதையேதான் சொன்னாள். அவள் அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் போனாள் என்று நினைத்து நினைத்து எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அந்தச் சின்னப் பெண் லீவைப் பற்றிச் சொன்னதும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா செய்தது தப்பே இல்லை. அந்த ஊரில், அந்தப் புளிக் காலத்தில், சரியாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். அதைச் சொல்ல அவள் இல்லையே என்று இருந்தது. அண்ணனாவது இருக்கிறானே, அவனிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று மறுநாளே மலைக்கு பஸ் ஏறினேன்.

பலாக் காலம். அண்ணன் வாசலில் கோணியை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பழம் பிளந்துகொண்டிருந்தான். எழுபது நெருங்குகிறது, தலை முழுக்க வெளுப்பு. அண்ணி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தேன். பந்து, துண்டு, வீங்கின விரல், லீவு, எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அண்ணா, கைக்கு ஓய்வு குடுத்திருந்தா நீ ஏறியிருப்ப. ஊரே சேர்ந்துதான் உன் கைய ஒடைச்சிச்சி. நீ சோம்பேறி இல்ல. அம்மாவும் தப்பு பண்ணல!"

அவன் சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கித் தட்டில் வைத்தான். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"தெரியும், பாப்பா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். கயித்துலேர்ந்து வுழுந்தவொடனே அங்க இருந்த அதிகாரி கூப்ட்டு என் கைய வாங்கிப் பாத்தாரு. 'யார்றா உனக்குப் பழக்குனது? ஒரு பத்து நாள் கைய சும்மா வெச்சிட்டு வந்திருந்தா மேல போயிருப்பியேடா. அவன் பேரச் சொல்லு, நான் கேக்குறேன்'னாரு. நான் யார் பேரச் சொல்லுவேன்? வேலிக்கு அந்தாண்ட அத்தினி பேரும் நின்னுக்கினு இருக்காங்கோ. பெரியப்பா அழுவுறாரு. 'யாரும் இல்லீங்க சார், நானாத்தான் பழகுனேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதுவும் அவன் மேல்.

"சரி, ஊருக்குச் சொல்ல வேணாம். அம்மாகிட்டயாவது சொல்லக் கூடாதா? சாகற வரைக்கும் 'நான்தான் தூங்க வெச்சேன், நான்தான் தூங்க வெச்சேன்'னு சொல்லிக்கினே போனாங்களே! உனக்கு மனசு இல்லயா?"

அண்ணன் எண்ணெய்க் கையைக் கோணியில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அம்மாகிட்டதான் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே, தொட்டியாண்ட. அம்மா கேட்டுட்டு என் தலையத் தொட்டாங்க. அப்புறம், 'வேற யார்கிட்டயும் இத சொல்லாதடா. நமக்குன்னு ஊரே இத்தினி நாளு ஒழைச்சிக் கீது. அதுவே உனக்கு வெனையாச்சின்னு தெரிஞ்சா உங்க அத்த தாங்குமா, பெரியப்பா தாங்குவாரா? நான் தூங்க வெச்சதாலயே போச்சின்னு இருக்கட்டும்'னாங்க."

உள்ளே அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அம்மாவின் அந்த "ஆமாம்மா" ஒவ்வொன்றும் எனக்கு நினைவு வந்தது. கல்யாண வீட்டில், கிணற்றடியில், கடைசிப் படுக்கையில். பழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அவள் விரும்பி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கடைசிவரை நடந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அண்ணன் அழவில்லை. அவன் அதையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டான் போலிருக்கிறது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அண்ணன் சிரித்தான். "அதுக்கும் அம்மா சொல்லிட்டாங்க. 'பாப்பாகிட்ட மட்டும் வாய் தவறிக்கூட சொல்லிடாத. அது ஊருக்கே சொல்லிடும்'னு."

அத்தை இல்லை, பெரியப்பா இல்லை, அந்த ஜீப்பில் போனவர்களில் அண்ணனைத் தவிர இப்போது யாரும் இல்லை. இனிமேல் நோகிறதற்கு ஆள் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னேன். அம்மா என்னைப் பற்றிச் சொன்னது சரிதான். சொல்லிவிட்டேன்.